ஒளிராத சிலிக்கானை ஒளிர வைத்தவர்

காட்சி: மங்கலான ஆய்வகம். வெள்ளை டெஃப்லான் கிண்ணத்தின் அடியில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறச் சில்லு.

குரல்:
கிண்ணத்தின் அடியில் பளபளவென்று தெரிகிறதே, அது சிலிக்கான். உங்கள் போனுக்குள் இருக்கும் சிப்பும் இதே பொருளில் செய்ததுதான். இதன் மேல் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் எத்தனாலும் கலந்த திரவத்தை ஊற்றி, ஒரு பிளாட்டினம் கம்பியை இறக்கி, கம்பிக்கும் சில்லுக்கும் நடுவே மின்சாரம் செலுத்துகிறார்கள். பொடிப்பொடியாக ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்புகின்றன. சில நிமிடங்களில், முகம் பார்க்கும் கண்ணாடி போல இருந்த பரப்பு பழுப்பாகிவிடுகிறது. கறை பிடித்துக் கெட்டுப்போன மாதிரிதான் இருக்கும்.

கழுவி, உலர்த்தி, அறை விளக்கை அணைத்து, அதன் மேல் புறஊதா ஒளியை அடிக்கிறார்கள்.

காட்சி: இருட்டு. சில்லின் நடுவே மட்டும் ஒரு வட்டம், ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒளிர்கிறது.

குரல்:
அடுப்புக் கங்கு மாதிரி இருக்கிறது, ஆனால் சூடு இல்லை. சிலிக்கான் இப்படி ஒளிரும் என்று, 1990-இல் லீ கேனம் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி காட்டும் வரை, பெரும்பாலான இயற்பியலாளர்கள் எதிர்பார்க்கவில்லை.

காரணம் இதுதான். ஒரு பொருளுக்குள் உயர்ந்த ஆற்றல் நிலையில் இருக்கும் எலெக்ட்ரான் கீழே இறங்கும்போது, மிச்ச ஆற்றல் ஒளியாக வெளியே வரலாம். எல்இடி விளக்குகளில் பயன்படும் காலியம் நைட்ரைடில் எலெக்ட்ரான் மாடியிலிருந்து நேராகக் கீழே குதித்துவிடும். சிலிக்கானில் மாடிக்கு நேர் கீழே இடம் இல்லை. பக்கவாட்டில் நகர்ந்தால்தான் இறங்க முடியும், அதற்கு அணுக்களின் அதிர்வு கைகொடுக்க வேண்டும். அந்தக் கை வந்து சேர்வதற்குள், எலெக்ட்ரான் படிகத்தில் எங்காவது ஒரு குறையில் இடறி, ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடும். தப்பி வரும் கொஞ்சநஞ்ச ஒளியும் ஏறக்குறைய 1,100 நானோமீட்டர் அலைநீளத்தில், அகச்சிவப்பில் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது.

சரி, அந்தப் பழுப்புக் கறைக்கு வருவோம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் உலிர் 1956-இல் அதைப் பற்றி எழுதியிருந்தார். சிலிக்கானை மின்சாரத்தால் மெருகேற்றப் பார்த்தபோது வேண்டாத படலம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அது ஒட்டிய படலம் அல்ல, சிலிக்கானே துளை துளையாக அரிக்கப்பட்டிருக்கிறது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

காட்சி: இங்கிலாந்து வரைபடம். மால்வெர்ன் ஊர் நெருக்கத்தில்.

குரல்:
மால்வெர்ன், மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். இரண்டாம் உலகப் போரின்போது ராடார் ஆய்வுக்கூடம் இங்கே குடிபெயர்ந்தது. போர் முடிந்த பிறகும் பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையின் மின்னணு ஆய்வு இங்கேயே தொடர்ந்தது. இங்கே வேலை பார்த்தவர்தான் லீ கேனம்.

அவர் யோசித்தது இப்படி: துளைகளை இன்னும் இன்னும் அகலப்படுத்தினால் என்ன ஆகும்? பக்கத்துப் பக்கத்துத் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். நடுவே மிஞ்சுவது மெல்லிய சிலிக்கான் இழைகள். அந்த இழை சில நானோமீட்டருக்கு மெலிந்துவிட்டால், எலெக்ட்ரானுக்கு உள்ளே புழங்க இடம் போதாது. நெருக்கடி கூடக்கூட அதன் ஆற்றல் ஏறும். அப்போது வரும் ஒளி அகச்சிவப்பிலிருந்து சிவப்புக்கு, ஆரஞ்சுக்கு நகர வேண்டும்.

அதனால் மின்சாரத்தில் அரித்த சில்லுகளை மறுபடி அமிலத்தில் சில மணி நேரம் ஊறப்போட்டார். லேசர் பட்டதும் வெறுங்கண்ணுக்கே தெரியும் சிவப்பு ஒளி வந்தது. 1990-இல் கட்டுரை வெளியானது. ஏறத்தாழ அதே சமயத்தில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஃபோல்கர் லேமன், உல்ரிச் கோசலே இருவரும் வேறு வழியில் அதே விளக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒளி வருவது சிலிக்கானிலிருந்து அல்ல, மேலே உருவாகும் சிலாக்சீன் என்ற சேர்மத்திலிருந்து என்று ஒரு தரப்பு வாதாடியது. நியாயமான சந்தேகம்தான். மால்வெர்னில் கூட வேலை பார்த்த டோனி கல்லிஸ், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த இழைகளைப் படமெடுத்து, அவ்வளவு மெலிந்த பிறகும் உள்ளே இருப்பது படிக சிலிக்கான்தான் என்று 1991-இல் காட்டினார்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிக்கானை அரிக்கும் அந்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே தின்னும். கிண்ணம் டெஃப்லானில் இருப்பது அதனால்தான். தோலில் பட்டால், நீர்த்த அமிலமாக இருந்தால், உடனே வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் யாரும் குப்பியைத் திறக்கக் கூடாது. தனியாக வேலை செய்யவும் கூடாது.

அப்புறம், உலர்த்துவது. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஈரம் ஆவியாகும்போது நீரின் இழுவிசையே அந்த இழைகளைச் சாய்த்து நொறுக்கிவிடும். வண்டல் காய்ந்த குளம் போலப் பரப்பு முழுக்க வெடிப்பு விழும். பல வாரம் உழைத்துச் செய்த மாதிரி கடைசிப் பத்து நிமிடத்தில் பாழாகும். கேனம் குழு இதற்கு உயர் அழுத்த கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தியது. திரவம், வாயு என்ற எல்லையே இல்லாத நிலைக்கு அதைக் கொண்டுபோய் மெல்ல வெளியேற்றினால், இழுக்க நீர்ப்பரப்பு இருக்காது. இழைகள் நின்றபடியே நிற்கும். 1994-இல் இது வெளியானது. ஒளியைக் கண்டதற்கு நிகரான சாதனை இது என்பேன்.

காட்சி: நீல எல்இடி விளக்கு.

குரல்:
சிப்புக்குள்ளேயே விளக்கு வைத்து, கணினிகள் மின்சாரத்துக்குப் பதில் ஒளியில் பேசிக்கொள்ளும் என்று பலர் கனவு கண்டார்கள். 1996-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் அப்படி ஒரு சிறு சிப்பைச் செய்தும் காட்டினார்கள். ஆனால் இப்படித் துளை துளையாக அரித்த சிலிக்கான், அதாவது நுண்துளை சிலிக்கான், காற்று பட்டாலே மெல்ல ஆக்சைடாக மாறும். மின்சாரத்தில் அது தந்த ஒளியும் குறைவு. அதற்குள் காலியம் நைட்ரைடில் பிரகாசமான நீல எல்இடி வந்து சந்தையைப் பிடித்துவிட்டது.

கேனம் பொருளை மாற்றவில்லை, கேள்வியை மாற்றினார். இரத்தத்தில் உள்ள உப்புகளைக் கொண்ட செயற்கைத் திரவத்தில், உடல் வெப்பத்தில், தம் சில்லுகளைப் போட்டு வைத்தார். துளைகள் குறைவாக இருந்தவற்றின் மேல் எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட் படிந்தது. துளைகள் மிக அதிகமாக இருந்தவை கரைந்தே போயின. 1995-இல் வந்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது: விளக்குக்கு எமனாக இருந்த அதே நிலையின்மை, மருந்துக்கு வரமாக வந்து நின்றது. நுண்துளை சிலிக்கான் உடலில் சிலிசிக் அமிலமாகக் கரையும். நாம் சாப்பிடும் தானியத்திலும் குடிக்கும் நீரிலும் இருப்பதுதான் அது. சிறுநீரகம் வழக்கம்போல வெளியேற்றிவிடும்.

இதை மருந்தாக்க பிசிமெடிக்கா என்ற நிறுவனம் பிறந்தது, கேனம் அதன் தலைமை விஞ்ஞானி ஆனார். பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்க அணுவைச் சிலிக்கான் துகளுக்குள் வைத்து, புற்றுநோய்க் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தும் முறை அங்கே உருவானது. கதிர்வீச்சு சில மில்லிமீட்டர் தூரம்தான் போகும். பதினான்கு நாளில் பாதியாகக் குறையும். சிங்கப்பூரில் கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் முதலில் சோதித்தார்கள். பிறகு அந்த முறை ஆங்கோசில் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் கைக்குப் போனது. கணையப் புற்றுநோய்க்கான அதன் கருவிக்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்தது 2020-இல்.

காட்சி: மீண்டும் இருட்டறை. டெஃப்லான் கிண்ணத்தில், இந்த முறை தண்ணீருக்குள், அதே ஆரஞ்சு வட்டம். ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல மங்கிக் கரைகிறது.