திரையரங்கை மாற்றியவர் இருக்கையில்தான் இருக்கிறார்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

திரையரங்கு அனுபவத்தைப் பெரிதும் மாற்றியவை கருவிகளா, பார்வையாளர்களா என்பது இன்றைய கேள்வி. பார்வையாளர்களே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், படச்சுருள் போய் டிஜிட்டல் வந்ததையும், டால்பி அட்மாஸ் ஒலியையும், சாய்ந்து படுக்கும் இருக்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். புரொஜக்டர் விற்க வந்தவர்கூட அவ்வளவு அழகாகப் பேசியிருக்க மாட்டார்.

அவருடைய பெரிய சான்றிலிருந்தே தொடங்குகிறேன். 35 மி.மீ. படச்சுருள் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடியது. 2,000 அடி கொண்ட ஒரு ரீல் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே பல அரங்குகளில் இரண்டு புரொஜக்டர்கள் அருகருகே நின்றன. ரீல் முடியப்போகும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு புள்ளி மின்னி மறையும். அதைக் கண்டதும் ஆபரேட்டர் இரண்டாவது இயந்திரத்தை ஓடவிடுவார். சில நொடிகளில் இன்னொரு புள்ளி தோன்றும். அந்தக் கணத்தில் படத்தை ஓர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடுவார். 2005-இல் டிஜிட்டல் திரையிடலுக்கான பொதுத் தரவரையறை வெளியானது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் உலகின் பெரும்பாலான அரங்குகளில் இந்தக் கைத்திறன் முழுவதுமே விடைபெற்றுக்கொண்டது. இன்று படம் ஹார்ட் டிஸ்க்கிலோ இணைய வழியிலோ வந்து சேர்கிறது. குறித்த நாள்களில், குறித்த கருவியில் மட்டுமே அதைத் திறக்கும் மின்னணுச் சாவி தனியாக வருகிறது.

திரையிடல் தொழில் கண்ட மிகப் பெரிய மாற்றங்களுள் ஒன்று இது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நீங்கள் கடைசியாகப் படச்சுருளில் பார்த்த படம் எது, முதலில் டிஜிட்டலில் பார்த்த படம் எது என்று கேட்டால், இந்த அவையில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? கீறல்களும் நடுக்கமும் போயின. அவை போனதை நாம் கவனித்தோமா என்பதே ஐயம்தான். புரொஜக்டர் அறைக்குள் ஒரு யுகமே முடிந்தது. இருக்கையில் இருந்தவருக்கு முன்போலவே பின்னாலிருந்து ஒளி வந்து திரையில் விழுந்தது.

அதே ஆண்டுகளில் இருக்கைகளுக்கு இடையே வேறொரு ஒளி முளைத்தது. முன்வரிசையில் ஒருவர் செல்பேசியைத் திறந்தால், பின்னால் இருக்கும் பத்துப் பேரின் கண் திரையை விட்டு அங்கே போகிறது. "செல்பேசியும் கருவிதானே" என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. கருவிதான், ஐயா. ஆனால் அதை அங்கே பொருத்தியது அரங்கு அன்று. அணைத்து வைக்கும்படி ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் திரையே வேண்டுகிறது. அணைக்காத விரல் பார்வையாளருடையது.

கருவி எதுவும் மாறாமல் அனுபவம் தலைகீழாக மாறியதற்கும் சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க அரங்குகள் பலவற்றில் காட்சிகள் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடின. மக்கள் படத்தின் நடுவில் நுழைவார்கள்; முடிவைப் பார்த்துவிட்டு, அடுத்த காட்சியில் தொடக்கத்தைப் பார்த்து, தாம் நுழைந்த இடம் வந்ததும் எழுந்து போவார்கள். 1960-இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடக் கூடாது என்று இயக்குநர் ஹிட்ச்காக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திரை அதேதான், இயந்திரமும் அதேதான். மாறியது பார்வையாளர் உள்ளே வரும் நேரம் மட்டுமே. ஆனால் அரங்கு முழுவதும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாகத் திடுக்கிட்டு, ஒன்றாக முடிவை அறிந்தது.

எண்களையும் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் 1946-இல் விற்ற டிக்கெட்டுகள் ஏறத்தாழ 163 கோடி. ஒருவருக்கு ஆண்டுக்கு முப்பது முறைக்கும் மேல் என்று கணக்காகிறது. என்ன படம் என்று கேட்டா போயிருப்பார்கள்? வாரம் பிறந்தால் போவது வழக்கம், போனார்கள். 1984-இல் அந்த எண்ணிக்கை 5.4 கோடியாகச் சுருங்கியது. இடைப்பட்ட காலத்தில் கருவிகள் தூங்கிக் கிடக்கவில்லை. வண்ணம் பரவியது, 1953-இல் சினிமாஸ்கோப் வந்தது, எழுபதுகளில் டால்பி ஸ்டீரியோ வந்தது. அத்தனையும் சேர்ந்து இழுத்தும், தொலைக்காட்சி முன் அமர்ந்துவிட்ட மனிதரை எழுப்ப முடியவில்லை. 1985-இல் அங்கே முதல் மல்டிபிளெக்ஸ் திறந்த பிறகு கூட்டம் மெல்லத் திரும்பியது என்பதை எதிரணி எடுத்துக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன். மல்டிபிளெக்ஸ் கொடுத்தது பெரிய திரையை அன்று. பல திரைகளை, பல நேரங்களை. வீட்டில் சேனல் மாற்றிப் பழகிவிட்டவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டியிருந்தது. அவருடைய போக்குக்கு ஏற்பக் கட்டடம் தன்னைத் துண்டு துண்டாக்கிக்கொண்டது.

ஓரிடத்தில் மட்டும் எதிரணிக்கு நான் இறங்கி வருகிறேன். காது கேளாதோருக்கு வசன வரிகளையும், பார்வையற்றோருக்குக் காட்சி விளக்க ஒலியையும் கொண்டுவந்த கருவிகள், அரங்குக்கு வெளியே நின்றவர்களை உள்ளே அழைத்து வந்தன. அது உண்மையான மாற்றம். எதிரணித் தலைவர் சாய்வு இருக்கைக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இன்று, சில வாரங்கள் பொறுத்தால் படம் ஓடிடியில் வீட்டுக்கே வந்துவிடும் என்று பார்வையாளருக்குத் தெரியும். ஆகவே, வாரந்தோறும் போனவர், பலரோடு சேர்ந்து பார்த்தே ஆக வேண்டிய படத்துக்கு மட்டும் என்று எண்ணி எண்ணிப் போகிறார். இருக்கையை முன்கூட்டியே எண் பார்த்துக் குறிக்கிறார். முன்னோட்டத்தைப் பலமுறை பார்த்துவிட்டு, விமர்சனத்தையும் படித்துவிட்டு, பாதித் தீர்ப்போடு உள்ளே நுழைகிறார்.

எனக்கு அடுத்து வரும் எதிரணி நண்பர் ஒன்றே ஒன்றை விளக்கினால் போதும். ஒரு நகைச்சுவைப் படம் நிறைந்த அரங்கில் ஓடும்போது, சிரிப்பொலியில் அடுத்த வசனம் காதில் விழாமல் போகிறது. அதே படத்தை, அதே புரொஜக்டரில், அதே ஒலிபெருக்கிகளில், ஆறு பேர் மட்டும் அமர்ந்திருக்கும் காட்சியில் பார்த்தால் வசனம் ஒன்று விடாமல் கேட்கிறது, சிரிப்புத்தான் வரவில்லை. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது எந்தக் கருவி? அவருடைய பதிலைக் கேட்ட பிறகு நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்கட்டும். நன்றி, வணக்கம்.