இடித்த வீட்டின் மிச்சம் எங்கே போக வேண்டும்?

(காரைக்குடிக்குப் பக்கத்து ஊரொன்றில், தோட்ட ஆர்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தோட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இடிபாட்டிலிருந்து தொடங்குகிறேன். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் தோட்டம் போடுகிறவருக்கு வேண்டிய சாமான்களில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

ஒரு பழைய வீடு இடிபடுகிறது என்றால் முதலில் கிளம்புவது தேக்கு. தூண், நிலை, கதவு, உத்திரம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக அடுக்கி வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, கண்ணாடிச் சட்டம் என்று அதற்கும் ஆள் வருகிறது. பிறகு மிஞ்சுவது என்ன? நாட்டு ஓடு, செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரை, விளிம்பு உடைந்த ஆத்தங்குடித் தரைக் கல், அம்மி, ஆட்டுக்கல். இதற்கு யாரும் விலை சொல்வதில்லை. டிராக்டரில் ஏற்றி ஊருணிக் கரையில் கொட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில்.

இதைச் சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. நம் முன்னோர் கட்டிய வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டின் நடுவில் இருக்கிற வளவு முற்றத்தில் விழுந்த மழை உள் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து, தெரு வாய்க்காலில் ஓடி, ஊருணியில் சேரும்படி ஊரையே வாட்டம், அதாவது சரிவு, பார்த்து அமைத்தார்கள். வற்றாத ஆறு இல்லாத சீமையில் பெரிய பெரிய வீடுகள் நின்றதற்கு அந்த வாட்டம் ஒரு முக்கியக் காரணம். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றன. வெளிநாட்டிலிருந்து வந்து படம் எடுக்கிறார்கள். நாமோ வீட்டை உடைத்து, அந்த வீடு தண்ணீர் அனுப்பிய ஊருணியின் வாயிலேயே கொட்டுகிறோம். கட்டட இடிபாடு பற்றி 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளே, பிரித்து வைக்க வேண்டிய பொறுப்பை இடிக்கிறவரிடம் கொடுத்தன. சாக்கடையையும் வழியையும் அடைக்கக்கூடாது என்றும் அவை சொல்லின. சட்டம் இருக்கட்டும். நம் வீட்டுக்குப் பின்னாலேயே இடம் இருக்கிறதே என்பதுதான் என் பேச்சு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு தாண்டினால் தோட்டம். முன் தெருவில் தொடங்கிய மனை பின் தெருவரை போகிறது. அந்தத் தோட்டத்தில் இவ்வளவுக்கும் வேலை இருக்கிறது.

ஆனால் எதை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டும். ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அது தண்ணீரை என்ன செய்யும், மண்ணை என்ன செய்யும் என்று முதலில் கேட்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

காரையை முதலில் எடுக்கிறேன். தவறு அதிகம் நடப்பது அதில்தான். பழைய சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் காரையை வண்டி வண்டியாக நிரவி, மேலே ஒரு சாண் செம்மண் போட்டு, அதில் கறிவேப்பிலை நடுகிறார்கள். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. வேர் கீழே இறங்கியதும் கொழுந்து வெளுக்கும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எரு போதவில்லை என்று மேலும் மேலும் எரு போடுவார்கள். மண்ணில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. இந்தச் சிவப்பே இரும்பின் சிவப்புதான். சுண்ணாம்பு கூடியதால் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்பை வேரால் எடுக்க முடியவில்லை. இட்லிப்பூவும் செம்பருத்தியும் இதே மாதிரி அவதிப்படும்.

அப்படியானால் காரை ஆகாதா என்றால், ஆகும். செம்புறை மண் பொதுவாக அமிலத்தன்மை உள்ளது. அப்படிப்பட்ட மண்ணுக்குக் கொஞ்சம் பழைய காரைத் தூள் நல்லதே செய்யும். பல வருடம் காற்றுப்பட்டு இறுகிய சுண்ணாம்பு சிமென்ட் அளவுக்குக் காட்டமானதும் இல்லை. முருங்கையும் வேம்பும் தாங்கிக்கொள்ளும். ஆனால் உங்கள் போர் தண்ணீரே உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் காரையைச் செடிப் பக்கம் கொண்டுவராதீர்கள். வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மிச்சக் காரைக்கு நல்ல இடம் நடைபாதையின் அடி. கெட்டித்துப் போட்டால் மழையில் சேறு மிதிக்காமல் தோட்டக் கதவு வரை போய்வரலாம். சிமென்ட் இடிபாட்டுக்கும் அதே இடம்தான்.

அடுத்து நாட்டு ஓடு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குயவர் சக்கரத்தில் வனைந்து, பிளந்து, சுட்ட ஓடு. நம் வீடுகளில் அதை ஒரு வரிசையாகப் போடாமல் அடுக்கு அடுக்காகப் போட்டிருப்பதால் ஒரு கூரையைப் பிரித்தால் மலை போலக் குவியும். சுட்ட மண்ணுக்கு நுண்துளை உண்டு. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். முழு ஓட்டைப் பாத்தியின் ஓரத்தில் செங்குத்தாகப் பதித்தால் வரப்பு கரையாது. கவிழ்த்துப் போட்டால் மூடாக்கு, மல்லாத்தி வரிசையாக வைத்தால் வாய்க்கால். கோடையில் எலுமிச்சங்கன்றைச் சுற்றி ஓடுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருக்கும், மண்புழுவும் இருக்கலாம். பூரானும் இருக்கும், ஆகவே கையை விடாமல் கம்பால் புரட்டுங்கள்.

உடைந்த ஓட்டையும் செங்கலையும் தொட்டியின் அடியில் ஒரு சாண் நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அது சரியில்லை. மேலே இருக்கிற நைசான மண் முழுக்க நனைந்து நிறையும் வரை தண்ணீர் அந்தக் கரடான அடுக்குக்குள் இறங்காது. ஆக ஈரம் தேங்கும் மட்டம் வேர்ப்பக்கமாக மேலே ஏறுகிறது, செடிக்குக் கிடைக்கும் மண்ணும் குறைகிறது. துவாரத்தின் மேல் வளைந்த ஓட்டுத் துண்டு ஒன்று போதும், மண் ஒழுகாமல் இருக்க. மீதியைப் பட்டாணி அளவுக்கு உடைத்து மண்ணோடு கலந்துவிடுங்கள். ஜெர்மனியில் மாடித் தோட்டங்களுக்கு உடைத்த செங்கலையும் ஓட்டையும் மண்கலவையில் சேர்க்கிறார்கள். பாரம் குறைவு, ஈரம் பிடிக்கும், காற்றும் போகும்.

அதைவிடப் பொடியாக இடித்தால் சுர்க்கி. சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்த சாந்து ஈரத்திலும் இறுகும். அந்தக் காலத்துத் தண்ணீர்த் தொட்டிகளில் நின்ற பூச்சு அதுதான். விரிசல் விட்ட கல்தொட்டியை அடைக்க இன்றைக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

சரி, மண்பானைக்கு வருகிறேன். கழுத்து உடைந்த தண்ணீர்ப் பானையை யாரும் தூக்கிப் போடாதீர்கள். கழுத்துவரை மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால், சுற்றி மண் காயக் காயப் பானை கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் தென்னங்கன்றுக்கும் மரக்கன்றுக்கும் செய்வதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பானையைச் சுற்றிப் பூசணி, பாகல், சுரை நடலாம். எல்லாப் பானையும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெய் ஊறிய சட்டியில் நுண்துளை அடைபட்டிருக்கும். உப்புப் பானை கூடவே கூடாது. பானைச் சுவரில் ஏறிய உப்பு முழுவதும் வேருக்குப் போய்விடும். பெயிண்ட் அடித்த பானையும் கசியாது. தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள், வெளிப்பக்கம் ஈரம் தெரிந்தால் புதைக்கலாம். வாயை ஓர் ஓட்டுத் துண்டால் மூட வேண்டும். மூடாவிட்டால் கொசு.

கொசுவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய சாமானைத் தோட்டத்தில் வைக்கிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் அக்கம்பக்கத்துக்கே கெடுதல் செய்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு குளத்தைத் தேடிப் போவதில்லை. டயர், டப்பா, தேங்காய்ச் சிரட்டை, ஆட்டுக்கல் குழி, இவைதான் அதற்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆட்டுக்கல்லைக் குருவிக்குத் தண்ணீர் வைக்கப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நல்ல காரியம், வாரம் ஒருமுறையாவது தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கல்தொட்டியில் அல்லி வளர்த்தால் சின்ன மீன் நாலு விடுங்கள். டயரைத் தோட்டத்துக்குள் விடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வேண்டாம் என்று சொல்ல இன்னும் சில உண்டு. கல்நார் ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், மாட்டுக்கொட்டகையிலிருந்து கழற்றியது என்று பாத்தி ஓரத்துக்குக் கொண்டுவராதீர்கள். உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், அது நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஃப்ளெக்ஸ் பேனரும் வேண்டாம், வெயிலில் நொறுங்கி மண்ணோடு கலந்துவிடும். பழைய ஆயில் பெயிண்ட் அடித்த கதவு, ஜன்னல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். அந்தப் பலகையைத் தேய்க்க வேண்டாம், எரிக்க வேண்டாம், கீரைப் பாத்திக்கு வேலியாக்க வேண்டாம். குழந்தைகள் மண்ணில் கை வைத்து விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். பெயிண்ட் படாத கூரைக் கைமரமும் ரீப்பர் சட்டமும் கிடைத்தால் புடலைக்கும் அவரைக்கும் பந்தல் போடுங்கள். கால் மண்ணைத் தொடாமல் ஒரு கல்லின் மேல் நிற்கட்டும். இல்லாவிட்டால் தேக்கு தாங்கினாலும் மற்ற மரத்தைக் கரையான் விடாது.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் கேட்பீர்கள். அது சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்து ஊற்றி, மேலே சிமென்ட் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது. வண்ணம் மேலே மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. நேர் வெயிலில் போட்டால் மங்கும், மழையில் பாசி பிடித்தால் வழுக்கும். ஆகவே நடைபாதைக்கு வேண்டாம். உடைந்த துண்டுகளை நிழலில் இருக்கிற திண்ணைச் சுவரில், கிணற்றடி மேடையின் பக்கவாட்டில் பதியுங்கள். பார்சிலோனாவில் பார்க் குவெல் என்ற பூங்காவின் நீண்ட வளைந்த இருக்கை முழுவதும் உடைந்த பீங்கான் ஓட்டுத் துண்டுகள் பதித்தது. உலகமே போய்ப் பார்க்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957இல் தொடங்கிச் செய்ததைப் பாருங்கள். புது நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் மிச்சத்தை, உடைந்த வளையலையும் பீங்கானையும், சைக்கிளில் கொண்டுபோய் ஒரு காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சேர்த்து, பொம்மைகளாகவும் சுவர்களாகவும் ஆக்கினார். பல வருடம் கழித்துத்தான் அதிகாரிகளுக்குத் தெரிந்தது. இடித்துத் தள்ளாமல் 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடிபட்ட ஊர்களை அவர் அப்படிக் காப்பாற்றி வைத்தார் என்றே நான் நினைக்கிறேன். நம் ஊர் வீடுகளுக்கும் அப்படி ஒரு மரியாதை வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பழைய பாகங்களைக் கொண்டே எழுப்பி வைத்திருக்கிறார்கள். எல்லா வீட்டையும் அப்படிப் பெயர்த்து வைக்க முடியாது. பர்மாவில் சொத்துப் போனது, பங்காளிகள் பல ஊருக்குப் பிரிந்தது, பராமரிக்கக் கையில் காசில்லாதது, இதெல்லாம் நமக்குத் தெரியும். வீட்டை விற்றவரைக் குறை சொல்ல நான் வரவில்லை.

கடைசியாக, கருங்கல் துண்டும் கெட்டியான செங்கல் துண்டும் மிஞ்சினால் மழைநீர் உறிஞ்சு குழிக்குப் போடுங்கள். 2003இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் குழி தூர்ந்து போயிருக்கிறது. அதைத் தோண்டித் தூர் எடுத்து, அடியில் பெரிய கல், நடுவில் செங்கல் துண்டு, மேலே மணல் என்று நிரப்பினால் மறுபடி வேலை செய்யும். காரையும் சிமென்ட் தூளும் அதில் கலந்துவிடக் கூடாது, குழியை அடைத்துவிடும்.

இதற்கெல்லாம் இடிக்கிற முதல் நாளே மேஸ்திரியிடம் பேசிவிட வேண்டும். ஜேசிபி வந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்டிய பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஓட்டைக் கையால் இறக்கச் சொல்லுங்கள். காரை ஒரு குவியல், செங்கல் ஒரு குவியல், கல் ஒரு குவியல், பெயிண்ட் அடித்த மரம் தனியாக. இரண்டு நாள் கூலி கூடுதலாகும், அந்தக் கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தோட்டம் இல்லையென்றால், ஓடு வேண்டுமா என்று தெருவில் நாலு வீட்டில் கேளுங்கள். நானும் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். வணக்கம்.