56 பேரோடு காணாமல் போன கோனஸ்டோகா

வணக்கம் மக்களே! எனக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். போன வீடியோவில் சொன்ன சோனார் படம், அதாவது கடலடியில் கிடக்கும் கோனஸ்டோகா கப்பலை ஒலி அலைகளால் பிடித்த படம், கடைசியில் கைக்கு வந்துவிட்டது. ஏ3 அளவு, லேமினேஷனோடு 240 ரூபாய். முதலில் போட்டுக் கொடுத்ததில் சரியாகக் கப்பல் தெரிகிற இடத்திலேயே ஒரு குமிழி. "தள்ளி நின்று பார்த்தால் தெரியாது சார்" என்கிறார் கடைக்காரர். கிட்டே போய்ப் பார்க்கத்தானே இதை மாட்டுகிறேன்! நான் நகரவே இல்லை. அரை மணி நேரம் கழித்து வேறு பிரதி வந்தது, அதுவும் 220 ரூபாய்க்கு. இருபது ரூபாய் குறைத்துவிட்டார், அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை.

சரி, கப்பலுக்கு வருவோம். யுஎஸ்எஸ் கோனஸ்டோகா, 1904-இல் கட்டிய டக், அதாவது மற்ற கப்பல்களை இழுத்துப் போகும் இழுவைக் கப்பல். நிலக்கரி ஏற்றிய பார்ஜ்களை (தட்டையான சரக்குப் படகுகளை) இழுத்துக்கொண்டிருந்தது. 1917-இல் அமெரிக்கக் கடற்படை வாங்கி, முதல் உலகப் போரில் கான்வாய்களுக்கு, அதாவது கூட்டமாகச் செல்லும் கப்பல்களுக்கு, காவலாக அட்லாண்டிக்கில் உள்ள பெர்முடா, அசோர்ஸ் தீவுகள் வரை அனுப்பியது. பழுதான கப்பல்களை இழுத்து வருவதும் இதன் வேலைதான். எனக்கு டக் பிடிப்பதே இதற்காகத்தான், போர்க்கப்பலுக்குக் கிடைக்கிற பேர் இதற்குக் கிடைக்காது, ஆனால் இது இல்லாவிட்டால் ஒன்றும் நகராது.

போரில் தப்பிய கப்பல் 1921 மார்ச் 25 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருந்து ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பருக்குக் கிளம்பியது. அங்கிருந்து அமெரிக்கன் சமோவா போக வேண்டும். போய்ச் சேரவே இல்லை. 3 லட்சம் சதுர மைல் தேடினார்கள் மக்களே! அப்புறம் மே மாதம்... இல்லை, அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன், கிளம்பிய அன்றே காற்று மணிக்கு 23 மைலில் இருந்து 40 மைலுக்கு ஏறியிருந்தது. இதை மனதில் வையுங்கள். மே மாதம் மெக்சிகோவுக்கு மேற்கே நடுக்கடலில் காலியான உயிர்காப்புப் படகு ஒன்று கிடைத்தது, முன்பக்கத்தில் "C" என்ற எழுத்து, ஆங்கிலத்தில் கோனஸ்டோகாவின் முதல் எழுத்து. அவ்வளவுதான். ஜூன் 30 அன்று 56 பேரும் இறந்துவிட்டதாகக் கடற்படை அறிவித்தது.

"மர்மக் கப்பல், பேய்க் கப்பல்" என்று தம்ப்நெய்ல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் இருந்தவர்கள் யாரோ ஒருத்தரின் பிள்ளைகள்.

கப்பல் எங்கே இருந்தது தெரியுமா? கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே! சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே கடலில் இருக்கிற ஃபாராலோன் தீவில் இருந்து வெறும் 3 மைல், 189 அடி ஆழம். 2009 சோனார் ஆய்வில் பெயர் தெரியாத சிதைவாகத்தான் பட்டது. பிறகு ரோபோ கேமரா இறக்கிப் பார்த்தபோது, முன் தளத்தில் இருந்த 3 அங்குல பீரங்கிதான் அடையாளம் காட்டிக் கொடுத்தது. போருக்காக ஏற்றிய அதே பீரங்கி. காற்றுக்கு ஒதுங்க அந்தத் தீவை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

2016 மார்ச்சில் வாஷிங்டனில் அந்தக் குடும்பங்களை வரவழைத்து, கப்பல் கிடைத்ததை அறிவித்தார்கள். 95 வருஷம்! பெற்றவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அடுத்த வீடியோவில் தலைமை அதிகாரி எர்னஸ்ட் லார்கின் ஜோன்ஸில் தொடங்கி 56 பெயர்களையும் வாசிக்கப் போகிறேன், வெட்டாமல்.