ஊஞ்சலுக்குப் பெயின்ட் அடித்தால் போதுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். ஆறு நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பேட்டைப் பூங்காவும் விளையாட்டுத் திடலும் உருப்பட வேண்டுமானால் தேவை நிதியா, குடியிருப்போர் கருத்தா? நாங்கள் கருத்துக் கட்சி. எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார்: "கருத்து சொல்ல காசா, பணமா? வாக்கிங் வர்ற மாமாக்கள் நாலு ரவுண்டு நடந்தா நாப்பது கருத்து சொல்வாங்க!" கைதட்டினீர்கள். சரி. காசு மட்டும் வந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

சென்னையில் ஒரு பூங்கா. பேட்டைப் பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். ஊஞ்சல் கிரீச்சிடுகிறது. சங்கத்து லெட்டர்பேடில் மனு போகிறது: "விளையாட்டு உபகரணங்கள் பழுது. ஆவன செய்க." நிதி வந்தது, ஆள் வந்தார், பச்சைப் பெயின்ட் அடித்தார், போனார். ஊஞ்சல் பச்சையாகக் கிரீச்சிட்டது. மறுபடி மனு: "மேற்படி உபகரணங்கள்..." மறுபடி நிதி. இந்த முறை மஞ்சள். தூணுக்கு மஞ்சள், சங்கிலிக்கு மஞ்சள், நிழலில் படுத்திருந்த பூனையின் வால் நுனிக்கும் மஞ்சள்! ஊஞ்சல் மட்டும் மங்களகரமாகக் கிரீச்சிட்டது.

மூன்றாவது மனுவுக்குச் செயலாளர் பேனாவைத் திறந்தார். "கொண்டா இப்படி" என்று ஒரு பாட்டி பிடுங்கினார். எழுதியது ஒரே வரி: "இடது ஊஞ்சல், வலது சங்கிலி, மேல் குழாயில் மாட்டும் கொக்கி பாதி தேய்ந்துவிட்டது, மாற்றவும்." கூடவே ஒரு போட்டோ. மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு ஒரு போன். கொக்கி மாறியது, சத்தம் நின்றது. ரெண்டு தடவை வந்த பெயின்ட் டப்பாவின் மூடி விலைகூட ஆகியிருக்காது! இதுவா ஐயா வெட்டிக் கருத்து?

இரும்புச் சறுக்கு மரத்தை மேற்குப் பார்த்து நட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்த பிள்ளைக்குத் தொடை வெந்துவிடும். வடக்குப் பார்த்துத் திருப்பினால் தீர்ந்தது. ஏசி ரூமில் வரைபடம் போட்டவருக்கு அது எப்படித் தெரியும்? தடுப்புக் கம்பிகளின் இடைவெளி 9 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ 23 சென்டிமீட்டருக்கு அதிகமாகவோ இருக்கணும். நடுவில் இருந்தால் கால் முதலாகப் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஊஞ்சலுக்கு அடியில் ஒரு அடி ஆழத்துக்கு மணல் வேண்டும். கால் உரசும் இடத்தில்தான் முதலில் பள்ளம் விழும், அதைக் கிளறி நிரவாவிட்டால் பிள்ளை விழுவது கட்டாந்தரையில். தூண் இற்றுப்போவது தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியில், தரையை ஒட்டி. மேலே மஞ்சள் பளபளக்கும்! சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் பிழைத்தோம், 'பொத்' என்றால் பூட்டுப் போடுங்கள். தினம் பிள்ளையைக் கூட்டிவருகிறவரைக் கேட்காமல் இதெல்லாம் எந்த ஃபைலில் ஏறும்?

சில மாமாக்கள் "பிள்ளைங்க சத்தம் போடக் கூடாது, பந்து ஆடக் கூடாது" என்று எழுதிக் கொடுப்பது உண்மைதான். எதிரணிக்கு அதில் பாதி மார்க் தருகிறேன். அதற்கு மருந்து, அம்மாக்களும் எழுதிக் கொடுப்பது. தமிழ்நாட்டு நகரங்களில் 2022-லிருந்து பகுதி சபை, அதாவது வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம், கூடுகிறது. அங்கே மைக் மாமாவுக்கு மட்டுமா?

கடைசியாக ஒன்று. பைக் உள்ளே வராமலிருக்கப் பூங்கா வாசலில் குறுக்கே கம்பி நடுகிறார்கள். நிதியில்தான் நடுகிறார்கள், ரசீதும் இருக்கும். பைக் நிற்கிறதோ இல்லையோ, சக்கர நாற்காலி நின்றுவிடுகிறது. அண்ணன் உள்ளே ஆடுகிறான், தங்கச்சி வெளியே நாற்காலியில். "இன்னிக்கு வேணாம்டா கண்ணு, வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்ல எந்தத் தாய்க்கு ஐயா மனசு வரும்? அவள் கேட்பது கோடி ரூபாயா? 90 சென்டிமீட்டர் வழி! அந்தத் தாயையும் வெட்டிக் கருத்து சொல்கிறவள் என்பாரா எதிரணித் தலைவர்? சொல்லச் சொல்லுங்கள், இதே மேடையில், அவள் முகத்தைப் பார்த்து!

மணியை அடிக்க வேண்டாம் நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிட்டேன். நன்றி, வணக்கம்.