அகராதியைத் திறக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் அகராதி இருந்தும் தேடுகிற சொல் மட்டும் அதில் கிடைப்பதில்லை என்று சலித்துக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சொல் அங்கேதான் இருக்கும். நாம் தேடிப் போகும் உருவில் இருக்காது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் 'வெந்து' என்னும் சொல்லுக்காக 'வெ' வரும் பக்கங்களையெல்லாம் புரட்டிவிட்டு, "சொல்லே இல்லாத அகராதியை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள், ஐயா" என்று என்னிடம் முறையிட்டான். "அடுப்பில் சோறு என்ன செய்கிறது என்பார் உன் அம்மா?" என்று கேட்டேன். "வேகிறது" என்றவன், தானாகவே நெடிலுக்குப் போய் 'வே' என்பதைக் கண்டுபிடித்தான். அதன்பின் நான் அவனை விடவில்லை. 'நொந்து' என்றேன், 'நோ' என்றான். 'கண்டான்' என்றேன், 'காண்' என்றான். 'நட்டான்' என்றதும் 'நட்டு' என்று தடுமாறினான். நாற்றை என்ன செய்யச் சொல்வார்கள் என்று கேட்டவுடன் 'நடு' வந்துவிட்டது.

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நன்னூல் சொல்லும் பகுபத உறுப்புகளை நம் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அந்த இலக்கணத்தால் அன்றாடம் என்ன பயன் என்று கேட்டால், அகராதி பார்ப்பதுதான் என்பேன். பகுதியை, அதாவது சொல்லின் அடிப்படை வடிவத்தை, பிரித்தறியாதவருக்கு எவ்வளவு பெரிய அகராதியும் உதவாது. திண்ணைப் பள்ளியில், சொற்பொருளைச் செய்யுளில் தொகுத்துத் தரும் நிகண்டை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தேடும் வேலையே இருந்ததில்லை. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி போன்ற அகரவரிசை நூல்கள் வந்த பிறகே இந்தத் திறமை தேவையாயிற்று.

பகுதி கிடைத்தாலும், முதலில் கண்ட பொருளோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. 'அடை' என்று பாருங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் வினைச்சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் இரண்டு வடிவங்கள் தரப்பட்டிருக்கும். 'அடைய, அடைந்து' என்றிருந்தால் ஊரை அடைவது. 'அடைக்க, அடைத்து' என்றிருந்தால் ஓட்டையை அடைப்பது. வினையே அல்லாத இன்னோர் அடை தோசைக்கல்லில் இருக்கிறது! பலர் தாண்டிப் போகும் அந்த அடைப்புக்குறியில்தான் பாதி விடை இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்குகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஒரு சொல் இன்ன பொருளில் இன்ன நூலில் வழங்குகிறது என்பதை அது சுருக்கக் குறியீடுகளால் காட்டும். தொடக்கத்தில் உள்ள குறியீட்டுப் பட்டியலை ஒருமுறையாவது படித்துவிடுங்கள். சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் அந்த அகராதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. 'ம்' போன்ற புள்ளி எழுத்து 'ம', 'மை' போன்ற உயிர்மெய்க்கு முன்னே வருமா, பின்னே வருமா என்பது அகராதிக்கு அகராதி மாறக்கூடும்; உங்கள் கையில் உள்ளது எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பது 'அம்மா', 'அமைதி' ஆகிய இரண்டையும் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். வணக்கம்.