சாறத்துண்டுக்கு நூறு புள்ளி

வணக்கம் நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். புரஸ்டேட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையோ கதிர்ச்சிகிச்சையோ பெற்ற ஆண்களிடம் ஆய்வாளர்கள் ஒரு வினாக்கொத்தைக் கொடுப்பதுண்டு. அந்த வினாக்கொத்து கிழக்கிலங்கையிலுள்ள நம்மவர்களின் நிலையை உண்மையாகவே அளக்கிறதா என்பதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

நோய் திரும்புகிறதா என்பதைப் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை ஓரளவு காட்டிவிடும். ஆனால் இருமும்போது சலம் சிந்துகிறதா, மலம் அவசரமாக வருகிறதா, தாம்பத்தியம் எப்படி இருக்கிறது என்பவற்றை அந்த மனிதர்தான் சொல்லவேண்டும். இதற்காக 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 50 கேள்விகள் கொண்ட 'எபிக்' என்ற வினாக்கொத்தை வெளியிட்டார்கள். அதன் 26 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் 2010இல் வந்தது. சலக்கசிவு, சலம் கழிப்பதில் எரிவும் தடையும், குடல், பாலியல், ஹோர்மோன் என்று ஐந்து பகுதிகளுக்கும் தனித்தனியே 0 முதல் 100 வரை புள்ளி கிடைக்கும். புள்ளி கூடினால் நிலைமை நல்லது.

அதன் தமிழாக்க வரைவு ஒன்றை ஒரு கிளினிக்கில் நான் பரீட்சித்துப் பார்த்த நாளில், படுவான்கரையிலிருந்து வந்திருந்த வேளாண்மைக்காரப் பெரியவர் ஒருவர் என் முன்னால் இருந்தார். கடந்த நான்கு வாரங்களில் ஒரு நாளைக்கு எத்தனை பாட் (சலத்தை உறிஞ்சும் அணையாடை) பாவித்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் 'ஒன்றுமில்லை' என்பதில் அடையாளமிட்டார். அதற்கு முழுப் புள்ளி, 100. அவர் எழும்பியபோது இடுப்பிலே துணித்தடிப்பு தெரிந்ததால், அது என்ன என்று மெதுவாகக் கேட்டேன். "பாட் வாங்கக் காசுக்கு எங்க போற மனே? பழைய சாறத்தக் கிழிச்சு மடிச்சு வைக்கிறன். பகலைக்கு ரெண்டு, ராவைக்கு ஒண்டு" என்றார். மூன்று என்றால் அந்தக் கேள்விக்குரிய புள்ளி 0. மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் அவருக்கு அதிலிருந்த பாட் என்பது கடையில் விற்கும் பொருள் மட்டும்தான்.

வழமையாக இருவர் தனித்தனியே தமிழாக்கி, இரண்டையும் இணக்கி, மூலத்தைக் காணாத இன்னொருவரைக்கொண்டு அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுவார்கள். இது அவசியமான வேலைதான், ஆனால் சாறத்துண்டு இந்த ஒப்பீட்டில் அகப்படாது. நோயாளியை அருகில் இருத்தி, "இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது? உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் அகப்படும். 'பிரச்சினை' என்று எழுதியிருந்த இடத்தில், வயது போனால் இதெல்லாம் இருக்குந்தானே என்று பேசாமல் கடந்தவர்கள், 'கரைச்சல்' என்று கேட்டபோது நிறையவே சொன்னார்கள். ஆனால் கண்டறிந்ததை எல்லாம் நாமே மாற்றிவிடக் கூடாது. மூலத்தை ஆக்கியவர்களின் இணக்கத்தோடு மாற்றினால்தான் பிறநாட்டு முடிவுகளோடு நமது முடிவுகளை ஒப்பிடலாம்.

காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஐவேளையும் தொழப் பள்ளிவாசலுக்குப் போகும் ஒருவருக்கு, ஒரு துளி சிந்துவதும் வுளூவை, அதாவது தொழுகைக்கு முன் செய்யும் சுத்தத்தைப் பற்றிய கவலையாகிவிடும். அளவில் சொற்பமான கசிவு அவரை ஜமாஅத் என்ற கூட்டுத்தொழுகையிலிருந்தே விலக்கிவைக்கக் கூடும். எவ்வளவு சிந்துகிறது என்பதையும் அது எவ்வளவு வருத்துகிறது என்பதையும் வெவ்வேறாகக் கேட்கவேண்டியது இதனால்தான்.

புள்ளிவிபரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றனவா என்பதைக் குரோன்பாக் அல்பா என்ற எண் காட்டும், 0.70க்கு மேல் இருந்தால் போதும் என்பது வழக்கம். ஆனால் அது நம்பகத்தின் ஒரு பக்கம் மாத்திரமே. எல்லாரும் ஒரே விதமாகத் தவறி விளங்கிக்கொண்டாலும் அல்பா உயர்ந்தே நிற்கும். அந்த எண்ணை மட்டும் காட்டி வினாக்கொத்து தகுதியானது என்று அறிவிப்பதை என்னால் ஏற்கமுடியாது. நோயாளியின் நிலை மாறாத இரு வார இடைவெளியில் மறுபடி கேட்டு, விடைகள் ஒத்துவருகின்றனவா என்றும் பார்க்கவேண்டும். நமது பகுதியில் அந்த இடைவெளிக்குள் றமழான் பிறந்தால், பகலில் தண்ணீர் குடியாமையால் சலம் போகும் ஒழுங்கே மாறிவிடும். அது வினாக்கொத்தின் குறையல்ல, நாம் நாள் குறித்ததன் குறை.

பாலியல் பகுதியில் ஆறு கேள்விகள் உள்ளன. ஒரு பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விடையில்லாவிட்டால் அப்பகுதிக்குப் புள்ளி கணிக்க முடியாது. ஆகவே இந்த ஆறில் இரண்டை ஒருவர் வெறுமையாக விட்டாலே பகுதி முழுவதும் இல்லாமல் போகும். கண்பார்வை குறைந்த தகப்பனுக்கு மகனோ மகளோ வாசித்துக் காட்டும்போது அவர் எப்படி விடை சொல்வார்? ஆய்வுக்குப் புறப்படும் இளையவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தப் பக்கம் வரும்போது கூட வந்த பிள்ளையை வெளி வாங்கில் இருக்கச் சொல்லுங்கள், கதவைச் சாத்துங்கள், கேள்வியை நீங்களே வாசியுங்கள், அவர் யோசிக்கும்வரை பொறுத்திருங்கள்.