டீசல் எங்கே ஒழுகுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய பிக்கப் வண்டி வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு உபயோகமாக எதையாவது பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டார்கள். நான் டீசல் லீக்கை எடுத்துக்கொண்டேன். மலிவாக வருகிற வண்டியில் அடியில் ஈரம் இல்லாததைப் பார்ப்பது அபூர்வம், அதைச் சரி செய்கிறேன் என்று ஆட்கள் மாற்றுகிற சாமான்களில் பாதிக்கு மேல் நன்றாக இருந்த சாமானாகவே இருக்கும்.

நம் ஊர் குட்டி யானையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். டாடா ஏஸ் 2005ல் சந்தைக்கு வந்தது, 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஆரம்ப வருஷங்களில் வந்த வண்டிகள் இன்றைக்கும் தண்ணீர் கேன் போடுகிறவரிடமும் காய்கறி மார்க்கெட்டிலும் மூன்றாவது நான்காவது கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்ஜின் தாங்கிவிடும், ரப்பர் தாங்காது. பதினைந்து வருஷம் இன்ஜின் சூட்டில் கிடந்த ஓஸ் வெடிக்கத்தான் செய்யும், அதற்குக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. வேறு எந்தப் பழைய டீசல் பிக்கப்பாக இருந்தாலும் நான் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: சொட்டுகிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் வேறு வேறு. டீசல் தண்ணீர் மாதிரி நேராக விழாது, பைப்பைப் பிடித்துக்கொண்டே போகும், சேஸிஸ் மேல் ஊர்ந்து போகும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் கியர் பாக்ஸுக்கு அடியில் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு கியர் பாக்ஸ் சீல் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வண்டியைச் சுத்தம் பண்ணுங்கள். இன்ஜின் நன்றாக ஆறட்டும், பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், டேங்கிலிருந்து இன்ஜின் வரை லைன் போகிற பாதை முழுவதும் பிரஷ் போட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடைத்து, காய விடுங்கள். அப்புறம் சந்தேகமான இணைப்புகள் மேல் சாதாரண முகப் பவுடரைத் தூவுங்கள். பேட்டரியை மாட்டி வண்டியைக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓட விட்டால், எங்கே பவுடர் முதலில் நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும், ஒரு டார்ச் போதும். கையை மட்டும் விட்டுத் தடவாதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

டேங்கிலிருந்து பம்ப் வரை டீசலை உறிஞ்சுகிற பக்கம். பம்ப்பிலிருந்து நாசில் வரை, அதாவது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற முனை வரை, அழுத்தி அனுப்புகிற பக்கம். நாசிலில் மிஞ்சியது டேங்குக்குத் திரும்புவது ரிட்டர்ன். ஒவ்வொன்றிலும் லீக்கின் குணம் வேறு.

உறிஞ்சுகிற பக்கம்தான் ஆட்களை ஏமாற்றுவது. இங்கே விரிசல் இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மெக்கானிக் பாஷையில் ஏர் எடுக்கிறது. ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது, கையால் டீசலை ஏற்றுகிற ஹேண்ட் பம்ப் அடித்தால் ஸ்டார்ட் ஆகும், மேடு ஏறும்போது இழுவை விடும். உடனே யாராவது பேட்டரி வீக் என்பார், நாசில் சர்வீஸ் பண்ணு என்பார். அதற்கெல்லாம் போகுமுன் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டு கண்ணாடி போல் தெரிகிற டியூபைத் தற்காலிகமாகச் செருகி வண்டியை ஓட விடுங்கள். குமிழி வந்தால் ஃபில்டர் வரைக்கும் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். ஃபில்டருக்கு முன்னால் அதே டியூபை மாற்றிப் போட்டுப் பாருங்கள், அங்கே குமிழி இல்லையென்றால் ஃபில்டரின் ரப்பர் கேஸ்கட் அல்லது அதன் போல்ட். இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் இடம் அகப்பட்டுவிடும். பார்த்து முடித்ததும் அந்த டியூபைக் கழற்றிவிடுங்கள், அது சூட்டில் கல்லாகிப் போய் உடையும். டீசலுக்கென்று விற்கிற ஓஸைக் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற பைப் வேண்டாம். பழைய கிளிப்பையும் மறுபடி முறுக்காதீர்கள், புதுசு சில்லறைக் காசுதான்.

ஃபில்டர் தலையிலும் பம்ப்பிலும் பேஞ்சோ போல்ட், அதாவது உள்ளே டீசல் போகத் துளை உள்ள போல்ட், இருக்கும், இரண்டு பக்கமும் காப்பர் வாஷர். லீக் பாதிக்குப் பாதி இங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம். காப்பர் ஒருமுறை அழுந்தினால் இறுகிப்போகும், மறுபடி அதையே போட்டால் உட்காராது, ஆள் பலத்தைப் போட்டு முறுக்குவார், போல்ட் மரை போகும். சின்ன ஊரில் புது வாஷர் கிடைக்காவிட்டால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், காப்பர் மறுபடி மிருதுவாகும், தேய்த்து மாட்டலாம். அலுமினிய வாஷரில் இதைச் செய்யாதீர்கள், உருகிவிடும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியா முழுக்க 2020 ஏப்ரல் 1 முதல் டீசலில் சல்பர் 10 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்று வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் சல்பரை எடுக்கும்போது ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கிற சில எண்ணெய்ச் சத்துகளும் குறைந்துபோகலாம், பழைய டீசலிலேயே வருஷக்கணக்கில் ஊறிய நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங், அதாவது இணைப்பை அடைக்கிற வளையம், அப்போது சுருங்கும். 1993ல் அமெரிக்காவில் சல்பரைக் குறைத்தபோது அங்கே பழைய வண்டிகளின் பம்ப்புகள் இப்படித்தான் ஒழுக ஆரம்பித்தன. ஓ-ரிங் மாற்றுவதானால் கொஞ்சம் காசு கூடப் போனாலும் விட்டான் என்கிற, டீசலைத் தாங்குகிற ரப்பர் கேட்டு வாங்குங்கள்.

அழுத்துகிற பக்கத்துக்கு வருவோம். பம்ப்பிலிருந்து நாசிலுக்குப் போகிற இரும்புப் பைப்பில் பழைய இன்ஜினிலேயே நூறு பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே பைப்பில் அழுத்தத்தோடு டீசலைத் தேக்கி வைக்கிற காமன் ரெயில் வண்டியில் ஆயிரத்தைத் தாண்டும். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் சின்னக் குத்து மாதிரிதான் இருக்கும், வலி கூட முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரும். அப்படி ஆனால் மருந்துக் கடைக்குப் போகாமல் நேராக அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். இந்தப் பைப்புகளைச் சோதிக்க ஒரு அட்டைத் துண்டை நீட்டினால் போதும், ஈரம் தெரியும். காமன் ரெயிலாக இருந்தால் வண்டி ஓடும்போது நட்டைத் தளர்த்தவே கூடாது.

இரண்டு சிலிண்டர் இன்ஜின் அதிர்ந்துகொண்டேயிருக்கும். பைப்பைப் பிடித்திருக்கிற கிளாம்ப் எங்கோ கழன்று விழுந்திருக்கும், அதனால்தான் நட்டுக்குப் பக்கத்தில் பைப் விரிசல் விடுகிறது. புதுப் பைப் போட்டுவிட்டுக் கிளாம்ப் போடாமல் விட்டால் அதுவும் அதே இடத்தில் போகும். பித்தளை வைத்துப் பற்ற வைப்பதோ எம்-சீல் ஒட்டுவதோ இந்த அழுத்தத்துக்கு நிற்காது.

ரிட்டர்ன் ஓஸ் சுலபம், நாசில் தலையில் மெல்லிசாகப் போகிறதே அதுதான், மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

டேங்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஃபுல் டேங்க் அடித்தால் மட்டும் ஒழுகுகிறது, பாதியானதும் நின்றுவிடுகிறது என்றால் மேலே டீசல் அளவு காட்டுகிற ஃப்ளோட்டின் கேஸ்கட், அல்லது டீசல் ஊற்றுகிற கழுத்து ஓஸ், அல்லது மூடி. எப்போதும் ஒழுகினால், டேங்கைத் தாங்குகிற பட்டைக்கு அடியில் பாருங்கள், அங்கே ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவில் மழைத் தண்ணீர் தங்கித் துரு தின்றிருக்கும். தயவுசெய்து இதை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காலி டேங்கில்தான் ஆபத்து அதிகம், உள்ளே நிற்கிற ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும், டீசல்தானே பெட்ரோல் இல்லையே என்ற சமாதானமெல்லாம் வெல்டிங் சூட்டுக்கு முன்னால் நிற்காது. சென்னையில் புதுப்பேட்டை, கோயம்புத்தூரில் உக்கடம், இப்படி ஊருக்கு ஊர் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன, துரு இல்லாத டேங்க் ஒன்றைத் தேடிப் போடுவது உயிருக்கும் பைசாவுக்கும் நல்லது.

சின்ன லீக்தானே, ஓடட்டும் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாது. ரோட்டு வளைவில் விழுகிற அந்த டீசலில் பின்னால் வருகிற பைக்காரர் சறுக்குவதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் டீசல் குறைந்தால் ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். சில இன்ஜின்களில் டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு கிழிந்து டீசல் ஆயிலில் கலக்கும், ஆயில் அளவு குறையாமல் கூடும், மோந்தால் தெரியும். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

இத்தனையும் பார்த்து, பவுடர் நனைவது பம்ப்பின் உடம்பிலேயே என்றால் அது வீட்டு வாசலில் முடிகிற வேலை கிடையாது. டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் மேடையில் ஏற்றி அளவு வைத்துத்தான் சீல் மாற்ற வேண்டும். செலவைக் குறைக்கப் பம்ப்பை நீங்களே கழற்றிக் கொண்டுபோகலாம், ஆனால் கழற்றுவதற்கு முன் பம்ப்பிலும் இன்ஜினிலும் டைமிங் குறி, அதாவது பம்ப் எந்த நிலையில் மாட்டியிருந்தது என்று காட்டுகிற அடையாளம், போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் லீக் நின்றிருக்கும், வண்டியும் ஸ்டார்ட் ஆகாமல் நின்றிருக்கும். வணக்கம்.